கல்லைக் காப்பாற்ற ஆப்பிரிக்கா வரை போக வேண்டுமா?

ஆப்பிரிக்கா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சிங்கம், யானை, பாலைவனம், கிரிக்கெட்டில் தென்னாப்பிரிக்கா... அவ்வளவுதான். அங்கே பல நூற்றாண்டுகளாக நிற்கும் கற்கள் இருக்கின்றன என்பதோ, அந்த மாதிரி இடங்களைப் பாதுகாக்க வெளிநாட்டு இளைஞர்கள் சம்பளம் வாங்காமல் வேலை செய்யப் போகிறார்கள் என்பதோ பலருக்குத் தெரியாது.

மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என்று ஒரு குட்டி நாடு. ஒரு ஆறும் அதன் இரண்டு கரையும்தான் மொத்த நாடே! அந்த ஆற்றை ஒட்டி, பக்கத்து நாடான செனகலையும் சேர்த்து, சுமார் 350 கிலோமீட்டர் நீளத்துக்கு 1000-க்கும் மேற்பட்ட கல் சின்னங்கள் இருக்கின்றன. செம்புராங்கல்லை இரும்புக் கருவிகளால் செதுக்கித் தூண்களாக்கி வட்டமாக நட்டிருக்கிறார்கள். எல்லாம் இறந்தவர்களைப் புதைத்த இடங்கள். 2006-ல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வாசு என்ற ஊரில் இருக்கும் வட்டங்களைப் பார்க்க வருபவர்கள், தூணின் தலையில் ஒரு சின்னக் கல்லை வைத்துவிட்டுப் போவது வழக்கம்.

யுனெஸ்கோ 2008-லிருந்து உலகப் பாரம்பரியத் தன்னார்வலர் திட்டம் ஒன்றை நடத்துகிறது. பல நாடுகளில் இருக்கும் பழைய சின்னங்களுக்கு இளைஞர்கள் போய் சில நாட்கள் தங்குகிறார்கள். புல் வெட்டுகிறார்கள், பாதையைச் சரி செய்கிறார்கள், உள்ளூர்ப் பள்ளிக்கூடங்களில் போய்ப் பேசுகிறார்கள். இது தவிர, கட்டணம் வாங்கிக்கொண்டு தன்னார்வலர்களை அழைத்துப் போகும் தனியார் அமைப்புகளும் உண்டு. (ஆமாம், நாம்தான் பணமும் கட்ட வேண்டும், வேலையும் செய்ய வேண்டும்!)

இதைப் படித்ததும் நம் ஊர்ப் பையனுக்கும் பெண்ணுக்கும் ஆசை வருவது இயல்புதான். பாஸ்போர்ட், விசா, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, விமான டிக்கெட் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆசை பாதியிலேயே இறங்கிவிடும். கவலைப்பட வேண்டாம். அதே மாதிரி கதை உள்ள கற்கள் சென்னைக்குப் பக்கத்திலேயே, குன்றத்தூர் வட்டாரத்தில் இருக்கின்றன.

குன்றத்தூர் என்றால் முருகன் மட்டும்தானா?

குன்றத்தூர் என்றதும் மலைமேல் இருக்கும் முருகன் கோயில்தான் எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் தமிழ் படித்தவர்களுக்கு, பெரியபுராணம் எழுதிய சேக்கிழார் பிறந்த ஊர் என்பதும் தெரியும். அதற்கும் மேல் ஒரு விஷயம் இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் குன்றத்தூரின் பெயர் இருக்கிறது. கோயிலுக்காக அல்ல, பெருங்கற்கால ஈமச்சின்னங்களுக்காக.

ஈமச்சின்னம் என்றால் என்ன? இறந்தவரின் எலும்புகளைத் தாழியிலோ, கால்கள் வைத்த சுடுமண் பேழையிலோ, பலகைக் கற்களால் செய்த பெட்டி போன்ற பதுக்கையிலோ வைப்பார்கள். கூடவே அவர் பயன்படுத்திய பானை, இரும்புக் கருவி போன்றவற்றையும் வைப்பார்கள். மேலே மண்ணும் சிறு கற்களும் போட்டு மூடுவார்கள். கடைசியாகச் சுற்றிலும் பெரிய உருண்டைக் கற்களை வட்டமாக வைப்பார்கள். அதுதான் கல்வட்டம். மணிமேகலையில் கூட, இறந்தவர்களை எரிப்பது, திறந்த வெளியில் இடுவது, குழியில் புதைப்பது, தாழியில் கவிப்பது உள்ளிட்ட ஐந்து வகையான முறைகள் சொல்லப்பட்டிருக்கின்றன.

1950-களின் நடுவில் தொல்லியல் துறை குன்றத்தூரில் அகழாய்வு செய்தது. கருப்பு-சிவப்புப் பானைகள், இரும்புப் பொருட்கள், சுடுமண் ஈமப்பேழை எல்லாம் கிடைத்தன. சுமார் 2000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை. யோசித்துப் பாருங்கள்... காம்பியா ஆற்றங்கரையிலும் இரும்பு செய்யத் தெரிந்த மக்கள், செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்திலும் இரும்பு செய்யத் தெரிந்த மக்கள். இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஆனால் தங்கள் வீட்டுப் பெரியவர் இறந்தபோது இரண்டு பேரும் கல்லைத் தூக்கி வந்து வட்டமாகத்தான் வைத்திருக்கிறார்கள்!

இந்த வட்டாரத்தின் கதை இன்னும் பின்னால் போகும். பக்கத்தில் இருக்கும் பல்லாவரத்தில்தான் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் 1863 மே 30 அன்று ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் கற்கால மனிதனைப் பற்றிய ஆராய்ச்சியே அந்த ஒரு கல்லிலிருந்துதான் சூடு பிடித்தது. அதே பல்லாவரத்தில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த சுடுமண் ஈமப்பேழை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பக்கம் ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டு கிராமத்தில் 2022-ல் தொல்லியல் துறை அகழாய்வு செய்தபோது இடைக் கற்காலக் கற்கருவிகளும் அவற்றைச் செய்தபோது சிதறிய சில்லுகளும் ஏராளமாகக் கிடைத்தன.

அதாவது, ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியில் உற்பத்தித் தொழில் 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தபோது ஆரம்பிக்கவில்லை. அதற்கு எத்தனையோ ஆயிரம் வருடங்களுக்கு முன்பே இங்கே ஆட்கள் உட்கார்ந்து 'பொருள் தயாரித்துக்' கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஷிப்டு பஸ் மட்டும்தான் இல்லை!

கல் எப்படிக் காணாமல் போகிறது?

கல்வட்டத்தை யாரும் கோபத்தில் இடிப்பதில்லை. அது ஒரு நினைவுச்சின்னம் என்றே பலருக்குத் தெரியாது. கோயில் என்றால் கோபுரம் இருக்கும், கோட்டை என்றால் மதில் இருக்கும். கல்வட்டம் என்பது பார்வைக்குத் தரிசில் கிடக்கும் பத்திருபது பாறாங்கல். தமிழ்நாட்டின் பல ஊர்களில் இவற்றைப் பாண்டவர் குழி என்றும் குள்ளர் வீடு என்றும் சொல்வார்கள். அந்தப் பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்வரை கொஞ்சம் பயமாவது இருந்தது. நிலம் கைமாறியதும் அந்தப் பெயரும் போய்விடுகிறது.

பிறகு ஜேசிபி வருகிறது. மனையை மேடாக்க கிராவல் மண் வேண்டும், அஸ்திவாரத்துக்குக் கல் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கிறது. ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்துவிடும். பிறகு அதே இடத்தில் லே-அவுட் போட்டு, மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்களை வரிசையாக நடுவார்கள். பழைய கல்லைப் பிடுங்கிவிட்டுப் புதிய கல்லை நடுகிறோம். ஒன்று இறந்தவருக்கான எல்லை, இன்னொன்று இருப்பவருக்கான எல்லை.

இது வெறும் புலம்பல் அல்ல. 2022 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்றின் அறிக்கை வந்தது. மத்திய அரசின் பாதுகாப்பில் இருந்த 3693 சின்னங்களில் 50 காணவில்லை என்று தொல்லியல் துறை சொன்ன கணக்கு அதில் இருந்தது. 14 நகரமயமாக்கலில் போய்விட்டன. 12 அணைகளின் நீரில் மூழ்கிவிட்டன. மீதி 24 எங்கே இருந்தன என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. காவலுக்குச் சட்டம் இருந்த சின்னங்களுக்கே இந்தக் கதி என்றால், பட்டியலிலேயே இல்லாத கல்வட்டங்களை யார் எண்ணினார்கள்?

மனை வாங்கியவர் என்ன பாவம் செய்தார்?

இந்த விஷயத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைப் பேசாமல் விட்டால் நியாயமாகாது.

1958-ஆம் ஆண்டு தொல்லியல் சின்னங்கள் சட்டத்தில் 2010-ல் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கட்டக் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் கட்ட வேண்டும் என்றால் அனுமதி வாங்க வேண்டும்.

ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பதினைந்து வருடம் இரவு பகலாக ஷிப்டு பார்த்த ஒருவர், மனைவியின் நகையை அடகு வைத்து, பேங்க் லோன் போட்டு, அரை கிரவுண்ட் மனை வாங்குகிறார். பத்திரப்பதிவும் ஆகிவிடுகிறது. வீடு கட்டப் போகும்போதுதான், பக்கத்தில் எங்கேயோ 'தொல்லியல் சின்னம்' இருப்பதாகத் தெரிகிறது. போய்ப் பார்த்தால் முள்ளுக்குள் நாலு கல். "இந்த நாலு கல்லுக்காகவா என் பிள்ளைங்க வாடகை வீட்ல கிடக்கணும்?" என்று அவர் கேட்டால் என்ன பதில் சொல்வது?

அவரிடம் போய் வரலாற்றுப் பெருமை பேசினால் எடுபடாது. எந்தச் சர்வே எண்ணில் சின்னம் இருக்கிறது, எதுவரை தடை, எங்கே விண்ணப்பித்தால் அனுமதி கிடைக்கும் என்பது மனை வாங்குவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கஷ்டமே இல்லை. அவருக்கு அந்தத் தகவலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் கல்லைக் காப்பாற்றும் வேலைதான். தன்னார்வலர் என்றால் புல் வெட்டுபவர் மட்டுமல்ல. கல்லுக்கும் மனிதனுக்கும் நடுவில் நின்று இரண்டு பேருக்காகவும் பேசுபவரும் தன்னார்வலர்தான்.

ஆர்வக் கோளாறு செய்த நாசம்

சரி, கல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்தாயிற்று. உடனே மண்வெட்டி எடுத்துக்கொண்டு கிளம்பலாமா? கூடவே கூடாது! இதற்கு ஆப்பிரிக்காவிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியில் 'கிரேட் சிம்பாப்வே' என்று ஒரு பழைய கல் நகரம். சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல், கல்லின் மேல் கல்லை அடுக்கியே சுமார் 11 மீட்டர் உயரத்துக்குச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். 1902-ல் அதைக் கவனித்துக்கொள்ள ரிச்சர்ட் ஹால் என்பவரை அன்றைய காலனி நிர்வாகம் நியமித்தது. 'இதைக் கறுப்பர்கள் கட்டியிருக்க முடியாது, வெளியிலிருந்து வந்த வேறு யாரோதான் கட்டினார்கள்' என்று அவர் நம்பினார். அதனால் ஆப்பிரிக்க மக்கள் வாழ்ந்த அடையாளம் இருந்த மண் அடுக்குகளை எல்லாம் 'குப்பை' என்று நினைத்து அடி அடியாக வெட்டி வெளியே கொட்டினார். அவர் பார்த்தது என்னவோ சுத்தம் செய்யும் வேலைதான். ஆனால் அந்தக் குப்பையில்தான் அந்த நகரத்தின் வரலாறு இருந்தது.

பிறகு 1905-ல் டேவிட் ராண்டால்-மெக்கைவர், 1929-ல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் ஆகியோர் ஆராய்ந்து, இது ஆப்பிரிக்கர்களே கட்டிய நகரம் என்று நிரூபித்தார்கள். 1980-ல் விடுதலை பெற்ற நாடு அந்தக் கல் நகரத்தின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது. ஆனால் ஹால் வெட்டிக் கொட்டிய மண் அடுக்குகளைத் திரும்ப அடுக்க யாராலும் முடியவில்லை.

குன்றத்தூர்க் கல்வட்டத்துக்கும் இதே கதைதான். ஒரு பானை ஓடு எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில், எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது என்பதில்தான் தகவல் இருக்கிறது. அதை எடுத்து வீட்டு ஷோகேஸில் வைத்துவிட்டால் அது வெறும் ஓடு.

சேக்கிழார் ஊருக்குத் தெரியாத வேலையா?

சம்பளம் இல்லாமல் பழைய இடத்தைப் பேணுவது நமக்கு வெளிநாட்டுக்காரர்கள் சொல்லிக்கொடுத்த பழக்கம் அல்ல. திருநாவுக்கரசர் கையில் எப்போதும் ஒரு கருவி இருக்கும். அதன் பெயர் உழவாரம். ஊர் ஊராகப் போய்க் கோயில் பிராகாரத்தில் முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்குவதைத் தொண்டாகவே செய்தார். அவர் கதையை விரிவாக எழுதியவர் குன்றத்தூர்க்காரரான சேக்கிழார். சோழ அரசில் அமைச்சராக இருந்தவர், கோயில் வாசலில் புல் செதுக்கிய ஒருவரைத் தன் காவியத்தின் பெரிய நாயகர்களில் ஒருவராக வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்றும் விடுமுறை நாட்களில் உழவாரப்பணி செய்யும் குழுக்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன.

ஆனால் இதிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். கோபுரத்தில் முளைத்த அரசங்கன்றைச் சின்னதாக இருக்கும்போதே எடுப்பது நல்லது. விட்டால் வேர் கல்லைப் பிளந்துவிடும். அதே உழவாரத்தைக் கல்வட்டத்துக்குள் போட்டால், 2000 வருடமாக மூடியிருந்த மண் கலைந்துவிடும். ஒரு காலத்தில் நம் கோயில்களில் சுவரை 'பளிச்' ஆக்குகிறோம் என்று இயந்திரத்தால் மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். அழுக்கோடு சேர்ந்து கல்வெட்டு எழுத்தும் சிற்பத்தின் கண்ணும் மூக்கும் தேய்ந்து போயின. பிறகு அதற்குத் தடை வந்தது. அங்கேயும் செய்தவர்களின் எண்ணத்தில் குறை இல்லை. முறையில்தான் குறை.

அப்படியானால் என்னதான் செய்யலாம்?

மண்வெட்டி இல்லாமலே செய்ய நிறைய வேலை இருக்கிறது.

1. பதிவு செய்யலாம். கல்வட்டம் மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் நான்கு பக்கமிருந்தும் போட்டோ எடுக்கலாம். பக்கத்தில் ஒரு ஸ்கேலோ பேனாவோ வைத்து எடுத்தால் அளவு புரியும். மொபைலில் இருப்பிடத்தைக் குறித்து, தேதி, எத்தனை கல், எவ்வளவு அகலம் என்று எழுதி வைக்கலாம். நாளை அந்தக் கல் போய்விட்டாலும், அது இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி மிஞ்சும்.

2. எதையும் எடுக்கக் கூடாது, தோண்டக் கூடாது. 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

3. தெரிவிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார், மாநிலத் தொல்லியல் துறை, இந்தியத் தொல்லியல் துறை என்று முறையாக எழுத்தில் கொடுத்து, ஒரு நகல் வைத்துக்கொள்ளலாம்.

4. கேட்கலாம். அந்த ஊரில் ஆடு மாடு மேய்த்த பெரியவரிடமும், நாற்று நட்ட பாட்டியிடமும், "தாத்தா, அந்தக் காலத்துல இங்க கல்லு வட்டமா இருந்துச்சா?" என்று கேட்டால் எந்த ஆராய்ச்சிப் புத்தகத்திலும் இல்லாத விஷயம் வரும். அந்த இடத்துக்கு அவர்கள் சொல்லும் பெயரையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

5. சொல்லலாம். பள்ளிக்கூடத்தில், நிலத்துக்காரரிடம், மனை வாங்க வருபவரிடம். பயமுறுத்தாமல் சொல்ல வேண்டும். அதுதான் முக்கியம்.

இதெல்லாம் படித்த பெரியவர்கள் செய்கிற வேலை என்று நினைக்க வேண்டாம். இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே மாணவர்கள் ஆசிரியரோடு சேர்ந்து கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொண்டார்கள். தங்கள் ஊர்ப் பக்கத்தில் கிடக்கும் பானை ஓட்டைப் பார்த்து, இது பழசு என்று அடையாளம் சொல்லும் அளவுக்கு வளர்ந்தார்கள். அவர்கள் யாரும் அதற்காக ஆப்பிரிக்கா போகவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போகிற வழியில் கொஞ்சம் கீழே பார்த்து நடந்தார்கள், அவ்வளவுதான். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் எத்தனை பள்ளிகள், எத்தனை கல்லூரிகள்! ஒவ்வொன்றிலும் பத்து பேர் கிளம்பினால் போதும்.

1863-ல் பல்லாவரத்தில் அந்தக் கல்லை ஃபுட்டுக்கு முன்னால் எத்தனை பேர் மிதித்துக்கொண்டு போயிருப்பார்கள்? பிரான்ஸில் இப்படிப்பட்ட கற்கள் கிடைத்த செய்தி அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால் குனிந்து எடுத்துப் பார்த்தார். தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் கல் கண்ணில் படும். நம் ஊரில் இன்று குறைவாக இருப்பது கல் அல்ல, தெரிந்தவர்கள்தான்.

காம்பியாவுக்குப் போக வாய்ப்பு கிடைத்தால் தாராளமாகப் போய் வாருங்கள். வாசுவில் ஒரு தூணின் மேல் ஒரு சின்னக் கல்லை வைத்துவிட்டு வாருங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூர்ப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். மலையேறி முருகனைக் கும்பிட்டுவிட்டு மேலேயிருந்து சுற்றிலும் பார்த்தால் ஏரியும், வீடுகளும், மனைகளும் தெரியும். அந்த மனைகளுக்கு நடுவில் இன்னும் யாரும் எண்ணாத கல் எங்கேயாவது இருக்கலாம். ஒரு நோட்டும் பேனாவும் மட்டும் கையில் இருக்கட்டும். மண்வெட்டி வேண்டாம்.